விலை கூடிய கம்ப்யூட்டர் யாருக்கு வேண்டும்?

பஞ்சப்படியைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் விலையைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். இந்த விஷயம் நமது மேஜையில் பிறந்ததல்ல. காரைக்கால்மேட்டில், மீன் ஏலம் முடிந்த ஒரு மாலை நேரத்தில், கிளைக் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் விசைப்படகில் பங்குக்குப் போகிற ஒரு தோழர். அவருடைய மனைவி கூடை சுமந்து மீன் விற்கிறார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருப்பவள் அவர்களுடைய மகள். பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது.

இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. லேப்டாப் வேண்டும் என்றார்கள். டவுனில் ஒரு கடையில் போய்க் கேட்டால், ஆப்பிள் கம்பெனியின் லேப்டாப்பைக் காட்டி, "படிக்கிற பிள்ளைக்கு இதுதான் ஏற்றது, பத்து வருஷம் உழைக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். விலை ஒரு லட்சத்துக்கு நூறு ரூபாய் குறைவு. வட்டியில்லாத் தவணை, மாதம் எட்டாயிரத்துச் சில்லறை, 12 மாதம். தோழர் நம்மிடம் கேட்டார்: "தோழர், அது அந்த விலை பெறுமா, பெறாதா? பெறும் என்றால் வீட்டில் கழுத்தில் கிடப்பதையும் வைக்கத் தயார். பெறாது என்றால் பிள்ளையிடம் என்ன சொல்லட்டும்?"

கூட்டத்தில் இரண்டு பதில்கள் வந்தன. ஓர் இளம் தோழர், "அது பணக்காரன் வீட்டுப் பொம்மை, நமக்கு எதற்கு?" என்றார். புதுச்சேரி ஆலையில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர் ஒருவர், "மலிவாக வாங்கி நாம் ஏமாந்தது போதாதா? நல்ல சாமானுக்கு நல்ல விலைதான்" என்றார். இரண்டு பேரும் பாதி சரி என்பது நமது அபிப்பிராயம். எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. 1960களில் கல்கத்தாவில் இலாக்கோ கட்டிடத்துக்குள் எல்.ஐ.சி. நிர்வாகம் கம்ப்யூட்டரைக் கொண்டுவராதபடி ஊழியர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அதைச் சொல்லி நம்மைப் பழிப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களின் வேலையை ஒரு மெஷின் விழுங்கும்போது, அந்த வேலைக்கு உத்தரவாதம் கேட்பது தொழிலாளியின் உரிமை. மெஷின் மீது யாருக்கும் பகை கிடையாது. மெஷின் யார் கையில் என்பதுதான் அன்றும் இன்றும் வழக்கு. இன்று படகுத் தொழிலாளியின் மகள் கையில் அது வருகிறது என்றால் நமக்கு மகிழ்ச்சிதான். எந்த விலைக்கு வருகிறது என்று பார்ப்போம்.

விலை கூடிய கருவி எப்போது அந்த விலை பெறும் என்பதைக் காரைக்கால்மேட்டு மக்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்துதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். படகில் ஜி.பி.எஸ். கருவி வாங்குகிறார்கள். மலிவான கருவியும் உண்டு, விலை கூடியதும் உண்டு. இரண்டிலும் இருப்பிடம் தெரியும். ஆனால் உச்சி வெயிலில், உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது, மலிவுக் கருவியின் திரை கண்ணாடி மாதிரி பளபளக்கும், எண் தெரியாது. கோடியக்கரைக்குத் தெற்கே போகிற படகுக்கு அந்த எண் தெரியாமல் போனால் என்ன ஆகும்? 1974இலும் 1976இலும் இரண்டு சர்க்கார்கள் காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. தாண்டினால் இலங்கைக் கடற்படை வரும், ஆட்கள் சிறைக்குப் போவார்கள், படகு பறிபோகும். ஆகவே வெயிலில் தெரிகிற, தண்ணீர் புகாத திரைக்கு அதிகப் பணம் கொடுக்கிறான் மீனவன். யாரும் அவனைப் பகட்டுக்காரன் என்று சொல்வதில்லை. இதுவும் திரைதான், இதுவும் கம்ப்யூட்டர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாகூர்ப் பக்கத்து வயலில் அறுப்புக்குப் போகிற பெண்ணைக் கேளுங்கள். பல் மழுங்கிய அரிவாளை எட்டணா குறைவு என்று அவள் வாங்குவதில்லை. ஆலையில் ரிங் பிரேம் பார்க்கிற பெண்ணைக் கேளுங்கள். தேய்ந்த டிராவலரை மாற்றாமல் முதலாளி மிச்சம் பிடித்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். பிரேமுக்குப் பிரேம் ஓடி முடிச்சுப் போடுவது முதலாளியா, அவளா? மட்டமான கருவியின் நஷ்டத்தை எப்போதும் உழைக்கிறவன்தான் உடம்பால் கட்டுகிறான். எனவே "மலிவானதே பாட்டாளிக்கு அழகு" என்று பேசுவது பாட்டாளி வர்க்கப் பேச்சல்ல. அது முதலாளி நமக்குச் சொல்லிக் கொடுத்த பேச்சு.

நமது கட்சி அலுவலகத்திலேயே இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தோம். துண்டுப் பிரசுரம் அடிக்க, மனு தட்டச்சு செய்ய என்று இருப்பதிலேயே குறைந்த விலைக்கு ஒரு லேப்டாப் வாங்கினோம். நினைவகம் 4 ஜிபி. சேமிப்புக்கு எஸ்எஸ்டி கிடையாது, ஈஎம்எம்சி என்கிற மெதுவான சரக்கு, அதுவும் 64 ஜிபி. ஆறு மாதத்தில் அப்டேட் இறங்க இடமில்லை என்றது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இரண்டாம் வருஷம் கீல் உடைந்து மூடி கையோடு வந்தது. நினைவகத்தைக் கூட்டலாமா என்று கேட்டால், பலகையோடு பற்றவைத்திருக்கிறது, முடியாது என்றார்கள். சந்தா வசூலித்த காசு. மறுபடி வசூலித்து மறுபடி வாங்கினோம். மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைவிட இழந்தது அதிகம். இதை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நினைவகம், சேமிப்பு என்றால் என்ன என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறோம். நினைவகம் என்பது களத்துமேடு மாதிரி. சேமிப்பு என்பது பத்தாயம் மாதிரி. பத்தாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் களம் சிறுத்துப் போனால் கட்டுகளை வரப்பிலேயே போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இன்றைய படிப்பு வேலைக்குக் களம் 8 ஜிபிக்குக் குறைந்தால் ஆகாது. 16 இருந்தால் நல்லது.

ஆக, பெரியவர் சொன்னதில் பாதி சரி என்று ஆகிவிட்டது. நல்ல கருவிக்கு அதிக விலை தகும். இனி மற்றப் பாதி: அதிக விலை என்பதாலேயே அது நல்ல கருவிக்கான விலைதானா?

2019 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி ஒரு திரையை அறிமுகம் செய்தது. 32 அங்குலம், விலை 4,999 டாலர். சினிமாவில் நிறம் சரிபார்க்கிறவர்களின் திரைகள் பல பத்தாயிரம் டாலர் விலை என்பதால் அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது மலிவு என்று சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற தொழிலாளிக்கு நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் முழு லாட்டும் கெடும் அல்லவா, அதே மாதிரிதான் நிறத்தோடு வேலை செய்கிறவனுக்குத் திரை. அதுவரை சரி. ஆனால் அந்தத் திரையை மேஜைமேல் நிறுத்த ஒரு கால் வேண்டும். அந்தக் கால் தனி விலை: 999 டாலர். அறிவித்த மண்டபத்தில் கம்பெனியின் அபிமானிகளே முணுமுணுத்தார்கள். அன்றைய கணக்கில் அது சுமார் 70 ஆயிரம் ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 229 ரூபாய். திரையின் காலுக்கு மட்டும் ஒரு விவசாயத் தொழிலாளியின் முந்நூறு நாள் உழைப்பு! நூறு நாள் வேலை முழுசாகக் கிடைத்தால் மூன்று வருஷம். முழுசாகக் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. 2020இல் ஒரு கம்ப்யூட்டருக்குச் சக்கரம் நான்கு 699 டாலருக்கு விற்றார்கள். 2021இல் திரை துடைக்கிற துணி ஒன்றுக்கு இந்தியாவில் 1,900 ரூபாய் விலை வைத்தார்கள். அப்போது நாள் கூலி 273. துணி நெய்கிற நாட்டுக்காரனுக்கு ஒரு கையகலத் துணியை ஏழு நாள் கூலிக்கு விற்கிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் விளையாட்டு, அவர்களுக்குள் ஏமாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் நமது தோழரின் மகளுக்குக் காட்டிய லேப்டாப்பிலும் இதே கணக்கு இருந்தது. 2020 நவம்பரில் அந்த வகை லேப்டாப் இந்தியாவில் 92,900 ரூபாய். நினைவகம் 8 ஜிபி. அதை 16 ஆக வேண்டும் என்றால் மேலும் 20,000 ரூபாய். அதே அளவு நினைவகத்தை, வேறு லேப்டாப்பில் செருகுகிற துண்டாகக் கடையில் வாங்கினால் அன்று மூவாயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது. "எங்களுடையது உயர்ந்த தொழில்நுட்பம், அதனால்தான்" என்று கம்பெனியின் வக்கீல்கள் வாதாடினார்கள். நான்கு வருஷம் வாதாடினார்கள். 2024 அக்டோபரில் அதே கம்பெனி விலையை ஏற்றாமலே 16 ஜிபியை எல்லோருக்கும் கொடுத்தது. அப்படியானால் அதற்கு முன் வாங்கிய 20,000 எதற்கான விலை? அந்த வருஷக் கூலிக் கணக்கில் 78 நாள். பிறகு சேர்த்துக்கொள்ள வழியில்லாமல் பற்றவைத்துவிட்டு, வாங்கும் வேளையிலேயே கழுத்தைப் பிடிப்பதற்குப் பெயர் தொழில்நுட்பமல்ல.

2024 நிதியாண்டில் ஆப்பிளின் விற்பனை 391 பில்லியன் டாலர். நிகர லாபம் 93.7 பில்லியன். நூறு ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும் வரியும் போக 24 ரூபாய் பெட்டியில் விழுகிறது. லெனோவோ என்கிற சீனத்துக் கம்பெனி உலகத்திலேயே அதிகக் கம்ப்யூட்டர் விற்கிறது. அதற்கு நூறு ரூபாயில் நிற்பது சுமார் இரண்டு ரூபாய். அப்படியானால் லெனோவோவை வாங்கினால் சுரண்டல் இல்லை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்த மலிவுப் பெட்டிக்குள் விண்டோஸ் இருக்கிறது. அதன் சொந்தக்காரன் மைக்ரோசாஃப்ட் அதே 2024இல் நூறு ரூபாய் விற்பனைக்கு 36 ரூபாய் நிகர லாபம் பார்த்தது. ஒருவன் கப்பத்தைக் கூரைமேல் நின்று கேட்கிறான், இன்னொருவன் கொல்லை வழியாக வந்து எடுத்துக்கொள்கிறான். வித்தியாசம் இவ்வளவுதான்.

விலை கூடிய சாமானைச் செய்கிறவனுக்குக் கூலியும் கூடுதலாக இருக்கும் என்று நமது தோழர்களில் சிலர் நம்புகிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கம்பெனிக்கு ஐபோன் பூட்டிய பெண்கள், 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கணக்கில் வாந்தி எடுத்து விழுந்தபோது, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. மாதச் சம்பளம் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவு. படுக்கக் கட்டில் இல்லை, தரையில் நெருக்கி உறங்கினார்கள். 2020இல் ஐபோன் 12 வந்தபோது அதன் விலை 79,900. ஏழரை மாதம் பட்டினி கிடந்தால் அந்தப் பெண் தான் பூட்டிய போனைத் தானே வாங்கலாம்.

ஆப்பிளை மட்டும் சொல்வானேன். அதே ஊரில் டி.வி.யும் குளிர்பதனப் பெட்டியும் சலவை மெஷினும் செய்கிற சாம்சங் ஆலையில், சங்கம் வைத்துக்கொள்ளவும் அதைப் பதிவு செய்யவும் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். சிஐடியு தலைமை தாங்கியது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். 1936 ஜூலை 30ஆம் தேதி, பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், புதுச்சேரி சவானா ஆலை வாசலில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தோழர் வ. சுப்பையா வழி நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் முக்கியமானது சங்கம் வைக்கும் உரிமை. எண்பத்தெட்டு வருஷம் கழித்து, ஒளி வீசும் திரைகள் செய்கிற நவீன ஆலையில், அதே கோரிக்கை! சரக்கு நவீனமாகிவிட்டது, முதலாளி மாறவில்லை.

சரி, தோழரின் கேள்விக்கு வருவோம். அந்த லேப்டாப்பில் ஒன்றுமே இல்லையா? நியாயமாகப் பேச வேண்டும். இருக்கிறது. 2020இலிருந்து அந்தக் கம்பெனி தன் சொந்தச் சிப்பைப் போடுகிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுக்க ஓடும். திரை தெளிவு, சூடு குறைவு, பல வருஷம் அப்டேட் வருகிறது, பழசாக விற்றாலும் விலை போகிறது. மென்பொருள் எழுதியோ வீடியோ வெட்டியோ மாதாமாதம் சம்பாதிக்கிற ஒருவன் அதை வாங்கினால் மீனவன் நல்ல ஜி.பி.எஸ். வாங்குவது போலத்தான். அவனைக் குறைசொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

ஆனால் இந்தப் பெண் படிக்கப் போவது சிவில். கட்டிடக் கணக்குக்கு இவர்கள் பயன்படுத்துகிற ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் எல்லாம் விண்டோஸுக்காகச் செய்தவை. ஆப்பிள் மெஷினில் நேராக ஓடாது. ஓட வைக்க வேறு மென்பொருளை வேறு விலைக்கு வாங்க வேண்டும், அப்போதும் தகராறு வரும். அதாவது, வலையிலேயே விலை கூடிய வலை. ஆனால் இவள் பிடிக்கப் போகிற மீனுக்கான கண் அளவு அதில் இல்லை! ஒரு லட்ச ரூபாய் சாமானை விற்க வந்தவர் "என்ன படிக்கிறாய் அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தது அந்த வட்டியில்லாத் தவணை. வட்டியில்லாமல் பணம் கொடுக்கிற வங்கி இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது? 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே இதைச் சொல்லிவிட்டது: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு கட்டணத்துக்குள் மறைக்கிறார்கள் என்று. இன்றைக்குச் செய்வது என்னவென்றால், ரொக்கமாக வாங்குகிறவனுக்குக் கிடைக்கிற தள்ளுபடியை நமக்குக் கொடுக்காமல் அதை வட்டியாக எடுத்துக்கொள்வது. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு நம் தலையில்.

இதைவிட மோசமானது காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில். பங்கு கிடையாது. மீன் இல்லை என்றால் கூடைக்கும் வேலை இல்லை. அந்த இரண்டு மாதமும் தவணைத் தேதி வரும். வங்கிக்காரனுக்குத் தடைக்காலம் கிடையாது. ஒரு தவணை தவறினால் அபராதம், அடுத்தது போன், அதற்கடுத்தது வாசலில் ஆள். நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்கும் இதே கதிதான். அறுப்புக்கும் நடவுக்கும் நடுவில் காலியாகக் கிடக்கிற மாதங்களை எந்தத் தவணை அட்டையிலும் குறிப்பதில்லை.

ஆகவே நாம் அந்தத் தோழருக்குச் சொன்னது: வாங்காதீர்கள். "பொம்மை" என்பதற்காக அல்ல. அவளுடைய வேலைக்குப் பொருந்தாத கருவிக்கு, உங்கள் வருமானத்துக்குப் பொருந்தாத தவணையில், பெயருக்கான கப்பத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பதால். அதே மூச்சில் இதையும் சொன்னோம்: இருப்பதிலேயே மலிவானதையும் வாங்காதீர்கள்.

பிறகு எதை வாங்குவது? பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்து, மூன்று நான்கு வருஷத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுகிற லேப்டாப்புகள் உண்டு. கனமானவை, அழகு இல்லாதவை, ஆனால் உழைப்புக்கென்று செய்தவை. கீல் உடையாது, பல மாடல்களில் நினைவகத்தைக் கழற்றி மாட்டலாம், விசைப்பலகை கெட்டால் தனியாக மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் இவை குவிந்து கிடக்கின்றன. பார்த்து வாங்க வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள்; விண்டோஸ் 11 ஏறுவதற்கு இன்டெல் சிப் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தியதைச் சல்லிசாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மெஷின் கையில் ஏற்கெனவே இருந்தால் எறிய வேண்டாம், லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும், காசும் இல்லை. எஸ்எஸ்டி இருக்கிறதா என்று கேளுங்கள். திரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாய்த்துப் பார்த்தால் நிறம் கறுத்துப் போகிற திரையில் நாலு வருஷம் வரைபடம் பார்த்தால் கண்தான் போகும். திரைக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. பாட்டரி தேய்ந்துதான் இருக்கும், அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து நினைவகத்தின் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக அமெரிக்க ஏகபோகங்கள் கட்டுகிற பிரம்மாண்டமான கணினிக் கூடங்கள் உலகத்து நினைவகத்தையெல்லாம் உறிஞ்சுகின்றன. நினைவகச் சிப் செய்வதில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள் கையில். அதில் மைக்ரான், சாதாரண ஜனங்களுக்குச் சில்லறையாக விற்ற தனது குரூஷியல் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பெரிய வாடிக்கைக்காரன் இருக்கும்போது காரைக்கால்மேட்டுப் பெண்ணுக்கு விற்று என்ன லாபம் என்பதுதான் அதன் பொருள். மூன்று மிராசுதார் சேர்ந்து ஆற்றுத் தண்ணீரை மடைமாற்றினால் கடைமடை காய்வது போல.

இந்த இடத்தில்தான் நமது முக்கியமான விஷயம் வருகிறது. ஒவ்வொரு ஏழைக் குடும்பமும் தனியாகக் கடைக்குள் நுழைந்து, தெரியாத சரக்கை, தெரியாத விலைக்கு, தெரியாத வட்டிக்கு வாங்க வேண்டும் என்பது யார் செய்த ஏற்பாடு? தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கி அரசுப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளைச் சர்க்கார் கொடுத்தது. நடுவில் நின்று போயிற்று. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கொடுப்பதாக மறுபடி அறிவித்தார்கள். ஓட்டுக் கணக்கு அதில் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் லட்சக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு, நினைவகம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி என்று தரத்தையும் சர்க்காரே நிர்ணயித்துக் கேட்டால், கம்பெனிக்காரன் தானாக இறங்கி வருகிறான் என்பதும் தெரிந்தது. தனி ஆள் பேரம் பேச முடியாது. சங்கம் பேச முடியும். இது நமக்குப் புதிய பாடமா என்ன?

காரைக்கால்மேடு புதுச்சேரி ஆட்சிக்குள் இருக்கிறது. புதுச்சேரி சர்க்காரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்ததுண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினம் ஜில்லாவில் படித்தால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் படித்தால் வேறு சட்டம் என்பதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கடலுக்கு ஒரே தடைக்காலம் போடத் தெரிந்தவர்களுக்குப் படிப்புக்கு ஒரே திட்டம் போடத் தெரியாதா?

கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இலவச மென்பொருளையே ஏற்றிப் பல வருஷமாகப் பாடம் நடத்துகிறார்கள். 2019இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அதை ஏற்றியதன் மூலம் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்தத் திட்டத்தை நடத்துகிற கைட் அமைப்பு கணக்குச் சொன்னது. மென்பொருள் கம்பெனிகளுக்குப் போக வேண்டிய கப்பம் அது. குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: குடும்பஸ்ரீ பெண்கள் மாதம் 500 ரூபாய் கட்டி லேப்டாப் பெற்ற வித்யாஸ்ரீ திட்டத்தில், 2021இல் கொடுத்த மெஷின்களில் ஒரு பகுதி இயங்கவில்லை என்று புகார்கள் வந்தன. இடதுசாரி சர்க்கார் செய்தாலும் மட்டமான மெஷின் மட்டமான மெஷின்தான். ஏழைக்குத்தானே என்று தரத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

விலை கூடிய கம்ப்யூட்டரும் திரையும் எங்கே அவசியம் தெரியுமா? எக்ஸ்ரேயும் ஸ்கானும் பார்த்துச் சொல்கிற டாக்டரின் மேஜையில். அதற்கென்று அளந்து சரிசெய்த திரைகள் இருக்கின்றன. சாதாரணத் திரையைவிடப் பல மடங்கு விலை. பஞ்சு தூசியைத் தின்ற ஆலைத் தொழிலாளியின் நுரையீரலில் இருக்கிற மங்கலான புள்ளி அதில் தெரியும், மலிவுத் திரையில் தப்பிப் போகலாம். அங்கே ஒரு ரூபாய் மிச்சம் பிடித்தாலும் நாம் சண்டைக்கு வருவோம். பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுகிற அறையில், நாளுக்கு இரண்டு கடிதம் திறக்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு லட்சம் எதற்கு? யாருக்கு விலை கூடியது, யாருக்குப் போதுமானது என்பதை வேலை தீர்மானிக்க வேண்டும், பதவி அல்ல.

தோழரின் மகளுக்கு ரிச்சி தெருவிலிருந்து பழைய லேப்டாப் ஒன்று வந்துவிட்டது. 16 ஜிபி, எஸ்எஸ்டி உண்டு, 26 ஆயிரம் ரூபாய், ரொக்கம். பாட்டரி இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது. அதை மாற்ற வேண்டும். மூடியில் யாரோ ஒரு கம்பெனியின் நம்பர் ஒட்டிக் கிழித்த அடையாளம் இருக்கிறது, அதைப் பார்த்து முதல் நாள் அவள் முகம் வாடியதாகத் தாயார் சொன்னார். கல்லூரியிலுள்ள லேப் சாயங்காலம் ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது என்று அந்தப் பெண்ணே நமக்குச் சொன்னாள். ராத்திரி எட்டு மணி வரை திறக்கக் கோரி, மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக மனு ஒன்று எழுதியிருக்கிறார்கள். தட்டச்சு செய்தது அந்தப் பழைய லேப்டாப்பில்தான். கையெழுத்து வாங்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை காலை மீன் ஏலத் திடலில் தொடங்குகிறது. கிளைத் தோழர்கள் தவறாமல் வர வேண்டும்.